ஒரே பகலில் கலைந்த கூட்டு: பேக்-12 நிகழ்வு ஆய்வு

2023 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஒன்பது பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் காலையிலேயே ஒரு கூட்டத்துக்குத் தயாராக இருந்தார்கள். ஆப்பிள் நிறுவனத்தோடு ஓர் ஒளிபரப்பு ஒப்பந்தம் கையில் இருந்தது. ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டால் பேக்-12 என்ற அவர்களுடைய விளையாட்டுக் கூட்டமைப்பு எப்படியோ பிழைத்துக்கொள்ளும். இரவுக்குள் அந்த ஒன்பதில் ஐந்து போய்விட்டன. வாஷிங்டனும் ஒரேகானும் பிக் டென் கூட்டமைப்புக்குப் போயின. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்குப் போயின. மிச்சம் நான்கு. 1915 டிசம்பரில் போர்ட்லாந்து நகரத்தில் தொடங்கிய கூட்டு, தன் 108-ஆவது வருஷத்தில் ஒரே பகலில் கலைந்தது.

பணத்தாசை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஆசை எல்லாக் கூட்டமைப்புகளிலும் இருந்தது. செத்தது இது ஒன்றுதான். இது மட்டும் ஏன் செத்தது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் இந்த நிகழ்வைப் பார்க்க விரும்புகிறேன். இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம்.

கூட்டமைப்பு என்றால் என்ன

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பார்த்துப் பழகாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. அங்கே ஃபுட்பால் என்பது நம்முடைய கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. சனிக்கிழமைகளில் பெரிய பல்கலைக்கழகங்களின் மைதானங்களில் அறுபதாயிரம், எண்பதாயிரம் பேர் கூடுவார்கள். ஆடுகிறவர்கள் மாணவர்கள். அந்த ஒரு விளையாட்டில் வரும் வருமானத்தில்தான் நீச்சல், படகோட்டம், கைப்பந்து, ஜிம்னாஸ்டிக்ஸ், தடகளம் என்று பெரும்பாலான மற்ற அணிகளும் நடக்கின்றன. ஆண்கள் கூடைப்பந்து கொஞ்சம் சம்பாதிக்கும். மற்றவை எல்லாம் ஃபுட்பால் போடும் சோறுதான்.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து, எங்களுக்குள் ஆடிக்கொள்வோம், நடுவர்களையும் அட்டவணையையும் பொதுவாக வைத்துக்கொள்வோம், யார் சாம்பியன் என்று நாங்களே தீர்மானிப்போம் என்று செய்துகொண்ட ஏற்பாடுதான் கான்ஃபரன்ஸ் எனப்படும் கூட்டமைப்பு. இதன் அடிப்படை தூரம். பஸ்ஸில் போய் ஆடிவிட்டு, திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்பிவிட வேண்டும். பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் இரு கரைகளில் இருக்கின்றன. யு.சி.எல்.ஏ.வும் யு.எஸ்.சி.யும் லாஸ் ஏஞ்சலஸ் என்ற ஒரே நகரம். ஒரேகானும் ஒரேகான் ஸ்டேட்டும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கார் பயணம். இவர்களுடைய பகை பங்காளிப் பகை மாதிரி. பக்கத்தில் இருப்பதால்தான் அந்தச் சூடு.

1984 வரை தொலைக்காட்சியில் எந்த ஆட்டம் வரும், ஓர் அணி எத்தனை தடவை வரலாம் என்பதையெல்லாம் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு கட்டுப்படுத்தி வைத்திருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில், அந்த வருஷம் ஜூன் மாதம், உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. ஏகபோகத் தடைச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் சரியான தீர்ப்புதான். மறுத்து எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். அவரே கொலராடோ பல்கலைக்கழகத்தின் பழைய ஃபுட்பால் நட்சத்திரம். கல்லூரி விளையாட்டை வெறும் வியாபாரமாகப் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் ஒளிபரப்பு உரிமை பல்கலைக்கழகங்களின் கைக்கு வந்தது. அதைச் சேர்ந்து விற்கும் கடையாகக் கூட்டமைப்பு மாறியது. அட்டவணை போடுவதற்காகத் தொடங்கிய அமைப்புக்கு இப்போது வேறொரு வேலை வந்துவிட்டது.

ஒரு முறை ஏற்கெனவே உடைந்தது

இந்தக் கூட்டமைப்பு பணத்தால் உடைந்தது இது முதல் தடவை இல்லை. 1950-களில் இதன் பெயர் பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ். அப்போது சில பல்கலைக்கழகங்களின் ஆதரவாளர்கள் வீரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தது அம்பலமானது. அபராதம், தடை, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தல் என்று போய் 1959-இல் கூட்டு கலைந்தது. கலிஃபோர்னியா அணிகளும் வாஷிங்டனும் உடனே புதிய கூட்டு ஒன்றைத் தொடங்கிக்கொண்டன. வாஷிங்டன் ஸ்டேட்டை 1962-இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். ஒரேகானும் ஒரேகான் ஸ்டேட்டும் 1964 வரை வெளியே நின்றன. ஐடஹோவைச் சேர்க்கவே இல்லை.

அன்று வீரர்களுக்குப் போன பணத்தால் உடைந்தது. 2023-இல் பல்கலைக்கழகங்களுக்கு வரும் பணத்தால் உடைந்தது. இரண்டு தடவையும் வாசலில் நின்றவை சின்ன ஊர்களில் இருக்கும் அதே இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள், வாஷிங்டன் ஸ்டேட்டும் ஒரேகான் ஸ்டேட்டும்.

இடைப்பட்ட காலம் பொற்காலம். 1978-இல் இரண்டு அரிசோனா அணிகளும் சேர்ந்து பத்தாயின. 2011-இல் கொலராடோவும் யூட்டாவும் சேர்ந்து பன்னிரண்டாயின. எல்லா விளையாட்டுகளையும் கூட்டினால் இந்தப் பல்கலைக்கழகங்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்களை வென்றிருக்கின்றன. வேறெந்தக் கூட்டமைப்பும் பக்கத்தில் வரமுடியாது. யு.சி.எல்.ஏ. கூடைப்பந்தில் ஜான் வுடன் 1964 முதல் 1975 வரை பத்துப் பட்டங்கள் வாங்கினார். ஜாக்கி ராபின்சனும் ஆர்தர் ஆஷும் யு.சி.எல்.ஏ.வில் ஆடினார்கள். கேட்டி லெடெக்கி ஸ்டான்ஃபோர்டில் நீந்தினார். வுடனிடம் ஆடிய பில் வால்டன், பிற்காலத்தில் வர்ணனையாளராக, இதை ‘சாம்பியன்களின் கூட்டமைப்பு’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தன் சொந்தப் பல்கலைக்கழகம் வெளியேறியதை அவர் கடைசி வரை ஏற்கவில்லை. கூட்டமைப்பின் பழைய வடிவம் முடிந்துகொண்டிருந்த 2024 மே மாதக் கடைசியில் அவரும் இறந்துபோனார்.

அந்த ஐந்நூறு பட்டங்களில் பெரும்பாலானவை தொலைக்காட்சிக்குத் தேவைப்படாத விளையாட்டுகளில் வந்தவை. சந்தை அதைப் பார்த்த விதமும் அப்படித்தான்.

தவறுகள், ஒன்றன் மேல் ஒன்று

2011-இல் நிலைமை பிரமாதமாக இருந்தது. கூட்டமைப்பின் ஆணையர் லாரி ஸ்காட், இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் என்ற இரண்டு தொலைக்காட்சி நிறுவனங்களோடும் சேர்த்து 12 வருஷத்துக்கு 300 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அந்த நேரத்தில் அது கல்லூரி விளையாட்டிலேயே பெரிய தொகைகளில் ஒன்று. வருமானத்தைப் பன்னிரண்டு பேரும் சமமாகப் பிரித்துக்கொள்வது என்றும் முடிவானது. பெரிய நகரத்து யு.எஸ்.சி.க்கும் கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கும் ஒரே பங்கு. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த முடிவு இதுதான். பின்னால் குத்தியதும் இதுதான்.

அடுத்தது சொந்தத் தொலைக்காட்சி. 2012 ஆகஸ்டில் பேக்-12 நெட்வொர்க் தொடங்கியது. பிக் டென் தன் அலைவரிசையை ஃபாக்ஸோடு கூட்டாக நடத்தியது, தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்பான எஸ்.இ.சி. பின்னர் இ.எஸ்.பி.என்.னோடு நடத்தியது. பேக்-12 மட்டும் யாரையும் பங்குதாரராகச் சேர்க்காமல் முழுவதையும் தானே வைத்துக்கொண்டது. லாபம் முழுவதும் நமக்கே என்ற கணக்கு. ஆனால் பெரிய நிறுவனம் ஒன்று பின்னால் இருந்தால்தான் விநியோகஸ்தர்களிடம் பேரம் பேச முடியும். டைரக்ட்டிவி என்ற பெரிய செயற்கைக்கோள் சேவை கடைசி வரை அந்த அலைவரிசையை எடுக்கவே இல்லை. கலிஃபோர்னியாவிலேயே ஏராளமான வீடுகளில் தங்கள் ஊர் அணியின் ஆட்டத்தைப் பார்க்க முடியாமல் போனது. சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடகை அதிகமான அலுவலகம், ஆணையருக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் என்று செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஒரு கேபிள் நிறுவனம் வருஷக்கணக்கில் தவறுதலாகக் கூடுதலாகக் கட்டிவந்த தொகை, ஏறக்குறைய 5 கோடி டாலர், திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியது என்பதும் 2023 தொடக்கத்தில் வெளியே வந்தது. அதை மேலிடத்துக்குச் சொல்லாமல் வைத்திருந்ததாக இரண்டு மூத்த அதிகாரிகள் நீக்கப்பட்டார்கள்.

நேர வித்தியாசமும் இடைஞ்சல் செய்தது. மேற்கில் இரவு 7.30-க்குத் தொடங்கும் ஆட்டம் நியூயார்க்கில் 10.30. நாட்டில் பாதிப் பேர் தூங்கப்போன பிறகு ஆடும் அணிகளுக்குப் பார்வையாளர் எண்ணிக்கை எங்கிருந்து வரும்?

2021 ஜூலையில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-ஐ விட்டு எஸ்.இ.சி.க்குப் போகும் செய்தி வெடித்தது. பிக் 12 ஆட்டம் கண்டுவிட்டது. பேக்-12 நினைத்திருந்தால் அங்கிருந்து நல்ல அணிகளை எடுத்திருக்கலாம். புதிதாகப் பதவிக்கு வந்திருந்த ஆணையர் ஜார்ஜ் கிளியாவ்காஃபும் பல்கலைக்கழகத் தலைவர்களும் அந்த ஆகஸ்டில் விரிவாக்கம் வேண்டாம் என்று அறிவித்தார்கள். அதற்குப் பதில் பிக் டென், ஏ.சி.சி. என்ற மற்ற இரண்டு கூட்டமைப்புகளோடும் ஒரு ‘நேசக் கூட்டணி’. அதற்கு எழுத்தில் எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டோம் என்று ஆணையர்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

பத்து மாதம்தான். 2022 ஜூன் 30 அன்று யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. கூட்டாளி என்று நம்பிய பிக் டென்தான் கொத்திக்கொண்டு போனது. நாட்டின் இரண்டாவது பெரிய தொலைக்காட்சிச் சந்தையான லாஸ் ஏஞ்சலஸ் பேக்-12-இன் கையைவிட்டுப் போனது. அந்த ஆகஸ்டிலேயே பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை அறிவித்தது. முழுப் பங்கு பெறும் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு 6 கோடி டாலருக்கும் மேல் கிடைக்கும் நிலை. பேக்-12 கொடுத்துக்கொண்டிருந்தது மூன்றரைக் கோடியை ஒட்டி.

யு.சி.எல்.ஏ. விளையாட்டுத் துறை அப்போது 10 கோடி டாலருக்கு மேல் கடனில் இருந்தது. சில விளையாட்டு அணிகளையே மூட வேண்டியிருக்கும், இந்த மாற்றம்தான் காப்பாற்றும் என்று நிர்வாகம் சொன்னது. பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் யு.சி.எல்.ஏ.வும் பெர்க்லியும் ஒரே அரசுப் பல்கலைக்கழக அமைப்பின் இரண்டு வளாகங்கள். மூத்தவனை நட்டாற்றில் விட்டுவிட்டு இளையவன் கரையேறியது போல ஆனது. கவர்னர் கேவின் நியூசம் விளக்கம் கேட்டார். ஆட்சிக்குழு கடைசியில் 2022 டிசம்பரில் அனுமதி கொடுத்தது, ஆனால் யு.சி.எல்.ஏ. பெர்க்லிக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தத் தொகை பின்னர் வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் என்று முடிவானது.

மூன்று கோடியும் ஐந்து கோடியும்

மிச்சமிருந்த பத்துக்கு என்ன விலை? இந்தக் கேள்வியில்தான் எல்லாம் சிக்கியது.

2022 இலையுதிர் காலத்தில் இ.எஸ்.பி.என். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு 3 கோடி டாலர் தர முன்வந்ததாகவும், தலைவர்கள் 5 கோடி கேட்டதாகவும், இ.எஸ்.பி.என். எழுந்து போய்விட்டதாகவும் பின்னால் செய்திகள் வந்தன. அந்தத் தலைவர்கள் முட்டாள்கள் கிடையாது. அவர்கள் கையில் நூற்றாண்டுச் சரித்திரம் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி போன்ற பெயர்கள் இருந்தன. அந்தப் பெருமைக்கு ஒரு விலை உண்டு என்று நம்பினார்கள். சனிக்கிழமை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதைத் தவிர வாங்குகிறவன் வேறு எதையும் எண்ணவில்லை.

இதற்கு நடுவில் பிக் 12-இன் புதிய ஆணையர் பிரெட் யோர்மார்க் ஒரு காரியம் செய்தார். அவருடைய ஒப்பந்தம் 2025 வரை இருந்தது; பேக்-12-உடையது 2024-இல் முடிந்தது. வரிசைப்படி பேக்-12-தான் முதலில் சந்தைக்குப் போக வேண்டும். யோர்மார்க் முன்கூட்டியே பேச்சைத் தொடங்கி, 2022 அக்டோபரில் இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் இரண்டோடும் ஆறு வருஷத்துக்கு 228 கோடி டாலருக்கு முடித்துவிட்டார். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 3.17 கோடி. பேக்-12 கடைக்குப் போனபோது வாங்குகிறவர்களின் பை காலியாக இருந்தது.

இது ஏன் செத்தது என்ற கேள்விக்கு என் பதில் இந்த 2024 என்ற வருஷத்தில் இருக்கிறது. உறுப்பினர்களைக் கட்டிப்போடுவது பாசம் இல்லை. ஒளிபரப்பு உரிமையைக் கூட்டமைப்பின் பெயருக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரம். ஏ.சி.சி.யில் ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் வெளியேறத் துடித்தன, வழக்கே போட்டன. ஆனால் அவர்களுடைய பத்திரம் 2036 வரை. போக முடியவில்லை, கடைசியில் சமரசம்தான் ஆனது. பேக்-12 பத்திரம் 2024 கோடையில் காலாவதி. அதற்கு அப்புறம் போகிறவன் ஒரு காசு அபராதம் கட்ட வேண்டியதில்லை. பெரிய நகரம் போன பிறகு, வாங்குகிறவன் பணத்தைச் செலவழித்த பிறகு, கதவு திறந்திருக்கும்போது பேரம் பேச வேண்டிய நிலை இந்த ஒரு கூட்டமைப்புக்குத்தான் வாய்த்தது.

மாதங்கள் ஓடின. ஒப்பந்தம் வரும், வரும் என்றார் கிளியாவ்காஃப். 2023 ஜூலை 27 அன்று கொலராடோ ஆட்சிக்குழு ஒருமனதாக வாக்களித்து பிக் 12-க்குத் திரும்பியது. நீதிபதி ஒயிட்டின் கொலராடோதான்.

ஆகஸ்ட் 1 அன்று ஆப்பிள் திட்டம் தலைவர்கள் முன் வைக்கப்பட்டது. அடிப்படைத் தொகை ஒரு பல்கலைக்கழகத்துக்கு இரண்டேகால் கோடியிலிருந்து இரண்டரைக் கோடி டாலருக்குள். சந்தாதாரர்கள் கூடினால் தொகையும் கூடும். அரிசோனா பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ராபின்ஸ் பின்னர் இதைப் பிள்ளைகள் நிதி திரட்ட மிட்டாய் விற்பதோடு ஒப்பிட்டார். ஆட்டங்கள் வழக்கமான அலைவரிசையை விட்டுச் சந்தா கட்டினால் மட்டும் தெரியும் இடத்துக்குப் போய்விடும் என்ற பயம் பயிற்சியாளர்களுக்கு. அந்த நேரத்தில் பிக் டென், ஃபாக்ஸ் கொடுக்கும் பணத்தோடு, ஒரேகானுக்கும் வாஷிங்டனுக்கும் தலா 3 கோடி டாலரில் தொடங்கி வருஷம் பத்து லட்சம் ஏறும் பங்கைக் காட்டியது. மற்ற உறுப்பினர்கள் வாங்குவதில் பாதிதான். அந்தப் பாதிப் பங்கே ஆப்பிள் திட்டத்தின் அடிப்படைத் தொகையைவிடப் பெரியது. வெள்ளிக்கிழமை காலை அவர்கள் கிளம்பினார்கள். அவர்கள் போனதும் மற்ற மூவருக்கும் நிற்க ஒரு காரணமும் இல்லை.

செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏ.சி.சி.யில் சேர்ந்தன. அந்தப் பெயரின் விரிவு அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பு. பசிபிக் கடலைப் பார்த்து நிற்கும் இரண்டு வளாகங்கள், ஏழு வருஷத்துக்கு ஒளிபரப்புப் பணத்தில் 30 சதவீதப் பங்கு மட்டும் வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டு அதில் சேர்ந்தன. அவர்களோடு சேர்ந்த டெக்சஸின் எஸ்.எம்.யு. ஒன்பது வருஷம் ஒளிபரப்புப் பணமே வேண்டாம் என்று சொல்லிச் சேர்ந்தது.

மூட்டை

ஒரு ஃபுட்பால் அணி வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் வெளியூர்ப் பயணம் ஐந்தோ ஆறோ. வாரம் ஒன்று, தனி விமானம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூஜெர்சி போய் ரட்கர்ஸோடு ஆடுவது, சுமார் 4,000 கிலோமீட்டர், அவர்களுக்குச் சிரமம்தான், ஆனால் தாங்கக்கூடியது.

பெண்கள் கைப்பந்து அணி முப்பது ஆட்டங்கள் வரை ஆடுகிறது. சாஃப்ட்பால், பேஸ்பால் அணிகள் ஐம்பதுக்கு மேல். வார நடுவிலும் ஆட்டம் உண்டு. பலருக்குச் சாதாரணப் பயணிகள் விமானம்தான். மூன்று மணி நேர வித்தியாசத்தைத் தாண்டிப் போய், ஆடி, திரும்பி, தேர்வு எழுத வேண்டும். இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இதைத் தொழிலாகச் செய்யும் எதிர்காலம் இல்லை, படிக்கத்தான் வந்தார்கள். மிசூரி ஃபுட்பால் பயிற்சியாளர் ஈலை டிரிங்க்விட்ஸ் அந்த ஆகஸ்டில் கேட்ட கேள்வி இதுதான்: பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் ஆடும் பிள்ளைகளின் பயணத்தை யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? அவருடைய பல்கலைக்கழகம் இந்தச் சண்டையிலேயே இல்லை. அதனால்தானோ என்னவோ அவரால் கேட்க முடிந்தது. கூடைப்பந்து போன்ற பணம் உள்ள விளையாட்டிலேயே 2025 ஜனவரியில் யு.சி.எல்.ஏ. பயிற்சியாளர் மிக் குரோனின், மூன்று வாரத்துக்குள் இரண்டு தடவை சுதந்திரதேவி சிலையைப் பார்த்துவிட்டோம் என்று அலுத்துக்கொண்டார்.

இந்த நிகழ்வில் என்னை உறுத்துவது பணம் பெரிதானது மட்டும் இல்லை. ஃபுட்பாலுக்குப் போட்ட கையெழுத்து மற்ற இருபது விளையாட்டுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போனதுதான். ஃபாக்ஸுக்குத் தேவைப்பட்டது லாஸ் ஏஞ்சலஸின் ஃபுட்பால். யு.சி.எல்.ஏ. நீச்சல் வீராங்கனையை மிச்சிகனுக்கு அனுப்ப எந்தத் தொலைக்காட்சி நிறுவனமும் கேட்கவில்லை. ஃபுட்பாலைத் தனியாகப் பிரித்துத் தேசிய அளவில் ஒரு லீக் நடத்திக்கொள்ளலாம், மற்றவை பழைய பக்கத்து ஊர்களோடு ஆடட்டும் என்று யு.சி.எல்.ஏ.வின் ஃபுட்பால் பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லியே 2023 டிசம்பரில் பேசினார். செய்ய முடியாத காரியம் கிடையாது. நோட்டர் டேம் பல்கலைக்கழகம் ஃபுட்பாலில் தனியாகவும் மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் ஏ.சி.சி.யிலும் பல வருஷமாக இருந்துவருகிறது. பேக்-12 தலைவர்கள் அந்த 13 மாதங்களில் விலையைப் பற்றிப் பேசினார்கள். மூட்டையைப் பிரிக்கலாமா என்ற பேச்சு பெரிதாக எழவே இல்லை. இதை அவர்களுடைய மிகப் பெரிய தவறாக நான் நினைக்கிறேன். 5 கோடி கேட்டதைவிடப் பெரிய தவறு.

லாபம் பார்த்தவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரேகான் 2024-இல், பிக் டென்னில் தன் முதல் வருஷத்திலேயே, தோல்வியே இல்லாமல் சாம்பியன் ஆனது. 2025 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் தோற்றது. பசடீனாவில் நடக்கும் அந்த ஆட்டம் 1940-களிலிருந்து மேற்குக் கரைச் சாம்பியனுக்கும் பிக் டென் சாம்பியனுக்கும் என்று பெயர் பெற்றது. அன்று ஆடிய இரண்டுமே பிக் டென் அணிகள்.

மிஞ்சிய இருவர்

வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன், முப்பதாயிரம் பேரைக் கொஞ்சம் தாண்டிய ஊர். ஒரேகான் ஸ்டேட் இருக்கும் கோர்வாலிஸ், ஏறக்குறைய அறுபதாயிரம். தொலைக்காட்சிச் சந்தை என்ற அளவுகோலில் இரண்டும் இல்லாதவை மாதிரிதான். ஒரேகான் ஸ்டேட் தன் ஃபுட்பால் மைதானத்தின் ஒரு பக்கத்தை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது, 16 கோடி டாலர் வேலை. மைதானம் திறந்த 2023 செப்டம்பரில், அதில் ஆட வரவேண்டிய பழைய எதிரிகள் எல்லோரும் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் வாஷிங்டன் ஸ்டேட் பயிற்சியாளராக இருந்த ஜேக் டிக்கர்ட், தொலைக்காட்சிப் பணம் கல்லூரி ஃபுட்பாலை அழிக்க எவ்வளவு காலம் ஆகும் என்பது பழைய கேள்வி, ஒருவேளை அந்த இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று கேட்டார். அடுத்த வருஷக் கடைசியில் அவரும் ஏ.சி.சி. அணி ஒன்றுக்குப் போய்விட்டார். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு பல்கலைக்கழகங்களும் கோர்ட்டுக்குப் போயின. கேள்வி எளியது. கிளம்பப்போகும் பத்துப் பேருக்கும் நிர்வாகக் குழுவில் ஓட்டு உண்டா? உண்டென்றால் அவர்கள் சேர்ந்து கூட்டமைப்பைக் கலைத்து, மிச்சப் பணத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடலாம். விலகல் அறிவித்தவர் குழுவில் இடம் இழப்பார் என்று விதி இருந்தது. யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் போனபோது இந்த விதியைக் காட்டித்தான் அவர்களை மற்றவர்கள் குழுவிலிருந்து வெளியே வைத்தார்கள். தங்கள் முறை வந்தபோது அதே விதி பொருந்தாது என்றார்கள். புல்மன் அமைந்திருக்கும் விட்மன் கவுண்டியின் நீதிபதி கேரி லிபி 2023 நவம்பர் 14 அன்று மிஞ்சிய இருவர் பக்கம் தீர்ப்பளித்தார். டிசம்பர் 15 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. கடைசியில் சமரசம், போகிறவர்கள் தங்கள் கடைசி வருஷப் பங்கிலிருந்து சேர்த்து 6.5 கோடி டாலர் விட்டுக்கொடுத்தார்கள்.

அப்போது ஒரேகான் ஸ்டேட் தலைவராக இருந்தவர் ஜெயதி மூர்த்தி, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இயந்திரவியல் பொறியாளர். பதவிக்கு வந்து ஒரு வருஷம் முடிவதற்குள் இது வந்து விழுந்தது.

இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த அதே பருவத்தில்தான் பேக்-12 தன் மிகச் சிறந்த ஃபுட்பாலை ஆடியது. வாஷிங்டன் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல், டிசம்பர் 1 அன்று லாஸ் வேகஸில் ஒரேகானை 34-31 என்று வென்று கடைசிப் பேக்-12 சாம்பியன் ஆனது. ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் தேசிய இறுதி ஆட்டத்தில் மிச்சிகனிடம் 34-13 என்று தோற்றது. வாங்க ஆளில்லை என்று சொல்லப்பட்ட சரக்கு அது.

நவம்பர் கடைசியில், நன்றி நவிலல் பண்டிகை வாரத்தில் நடந்துவந்த வாஷிங்டன்–வாஷிங்டன் ஸ்டேட் ஆட்டம் 2024-இல் செப்டம்பர் நடுவுக்கு நகர்ந்தது. குடும்பங்கள் ஊர் திரும்பியிருக்கும் வாரம் அந்தப் பண்டிகை வாரம். இனி அந்த வாரத்தில் வேறு யாரோடோ ஆட வேண்டும்.

கூட்டமைப்பின் பெயர் பிழைத்தது. டெரிசா கோல்ட் 2024 மார்ச்சில் ஆணையரானார். அந்தச் செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், அப்புறம் யூட்டா ஸ்டேட்டும் மவுண்டன் வெஸ்ட் என்ற சின்னக் கூட்டமைப்பிலிருந்து வர ஒப்புக்கொண்டன. கூடைப்பந்துக்குப் பெயர் பெற்ற கொன்சாகாவும், 2025-இல் டெக்சஸ் ஸ்டேட்டும் சேர, 2026 ஜூலை 1 முதல் புதிய பேக்-12 என்று முடிவானது. வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் தங்களைவிடச் சின்ன வீட்டிலிருந்து ஆளெடுத்தார்கள். ஆளெடுத்தால் கட்ட வேண்டிய தொகை என்று முன்பு ஒப்புக்கொண்டிருந்த 5.5 கோடி டாலரைக் கட்ட மறுத்து, அதற்கும் ஒரு வழக்கு. பிழைக்க வேறு வழி இருந்ததா என்றால் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் இதைப் படித்தபோது வலித்தது.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் இன்னொரு பெரிய சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். முன்னாள் வீரர்களுக்கு பத்து வருஷத்தில் 280 கோடி டாலர் நிலுவை. அந்த ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருஷ உச்சவரம்பு ஏறக்குறைய 2.05 கோடி. ஆடுகிறவனுக்குக் கூலி போவது நியாயம். இத்தனை காலம் போகாததுதான் அநியாயம். ஆனால் அந்த 2.05 கோடி, பிக் டென்னின் 6 கோடியிலிருந்து எடுக்கப்படுவது வேறு, புல்மனில் எடுக்கப்படுவது வேறு.

அதே ஜூன் மாதம் ஒரேகான் ஸ்டேட் பேஸ்பால் அணி, எந்தக் கூட்டமைப்பிலும் இல்லாமல், ஒரு பருவம் முழுக்க ஊர் ஊராகப் போய் எதிரிகளைத் தேடி ஆடி, ஒமாஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடருக்குத் தகுதி பெற்றது. அதே ஜூன் மாதம் வாஷிங்டன் ஸ்டேட், தன் தடகள அணியில் எறிதல், தாண்டுதல் போட்டிகளை நிறுத்திவிட்டு இனி நீண்டதூர ஓட்டத்தில் மட்டும் கவனம் செலுத்தப்போவதாக அறிவித்தது. குண்டு எறியவும் உயரம் தாண்டவும் புல்மனுக்கு வந்து சேர்ந்த மாணவர்கள் வேறு பல்கலைக்கழகம் தேடத் தொடங்கினார்கள்.